நாடு மாறினால் குணம் மாறுமா?

நீலகிரி ஜில்லாவின் மேற்குக் கோடியில், கூடலூரைத் தாண்டியதும் நாடுகாணி என்னும் சிற்றூர் இருக்கிறது. இங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலை இறங்கி நிலம்பூருக்குப் போகிறது. மற்றொன்று தேவாலா, பந்தலூர் வழியாக வயநாட்டுக்குள் நுழைகிறது. மலை விளிம்பில் நின்றால் கீழ்நாடு கண்ணுக்குத் தெரியும். ஆகவேதான் ஊருக்கு இந்தப் பெயர் என்பார்கள்.

இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் குடும்பங்கள் பல, மூன்று தலைமுறைக்குள் இரண்டு நாடுகளைக் கண்டவை. அத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் என்ஜினீயரிங் கல்லூரிப் படியேறும் காலம் இது. படித்து முடித்ததும், தமிழ்நாட்டின் மற்ற வீடுகளில் எழும் அதே கேள்வி இங்கேயும் எழுகிறது. வெளிநாடு போகலாமா? போனவர்கள் அங்கேயே தங்கிவிடலாமா, திரும்பி வரலாமா?

இந்தக் கேள்விக்கு விடை காண முயலும்போது, ஜனங்கள் பெரும்பாலும் நாடுகளின் குணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். "ஜெர்மன்காரன் சொன்ன நேரத்துக்கு வருவான். ஜப்பான்காரன் எறும்பு மாதிரி உழைப்பான். அமெரிக்கன் திறமையைப் பார்ப்பான், சிபாரிசைப் பார்க்க மாட்டான். நம்மவன் இருக்கிறானே, சோம்பேறி!" என்று ஒரு கட்சி பேசும். "வெள்ளைக்காரனுக்குப் பந்தபாசம் ஏது? எவ்வளவு சம்பாதித்தாலும் அங்கே நீ அந்நியன்தானே?" என்று எதிர்க்கட்சி பேசும். இரண்டு கட்சிகளும் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: மனிதனுடைய குணத்தை அவனுடைய நாடு தீர்மானிக்கிறது என்ற அபிப்பிராயம். ஒருவர் தம் வாழ்நாளை அடகு வைத்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயத்தில், இந்த அபிப்பிராயத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சோம்பேறி ஜப்பானியர்!

ஜப்பானியரைச் சோம்பேறிகள் என்று இன்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் 1915-ம் வருஷம் ஜப்பானிய சர்க்காருக்கு யோசனை சொல்ல வந்த ஓர் ஆஸ்திரேலிய நிபுணர், அந்நாட்டுத் தொழிலாளரைப் பற்றி ஏறக்குறைய அப்படித்தான் கருத்துத் தெரிவித்தார். நேரத்தின் அருமை தெரியாதவர்கள், நிதானமாக வேலை செய்து பழகிவிட்டவர்கள் என்பது அவர் கண்ட குறை. அதற்குச் சில வருஷங்கள் முன்பு, 1911-12-ல், ஆசியாவில் சுற்றுப்பயணம் செய்த பிரிட்டிஷ் சமூக அறிஞர் பியாட்ரிஸ் வெப் அம்மையாரும் ஜப்பானியரின் ஓய்வு மனப்பான்மையைக் குறை கூறியே எழுதினார். ஜெர்மனியர் கதையும் இதுவே. 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே போய் வந்த ஆங்கிலேயர் சிலர், அவர்களை மந்தமானவர்கள் என்றும், காரியத்தில் வேகம் இல்லாதவர்கள் என்றும் வர்ணித்தார்கள்.

ஒரு நூறு வருஷத்தில் ஒரு ஜாதி மனிதரின் ரத்தம் மாறிவிடுமா? மாறியவை வேறு. தொழிற்சாலைகள் வந்தன. பள்ளிக்கூடங்கள் வந்தன. உழைப்புக்கு ஏற்ற கூலியும், நாளைக்கு வேலை உண்டு என்ற உறுதியும் வந்தன. ஏற்பாடு மாறியதும் பழைய "குணம்" இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"சோம்பேறி" என்ற பட்டத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. மலாயாவில் தோட்ட முதலாளிகள் கொடுத்த கூலிக்கு வர மறுத்து, சொந்த நிலத்தைப் பயிரிட்டுக்கொண்டிருந்த மலாய் விவசாயிக்கு அந்தப் பட்டம் சூட்டப்பட்டது. சையத் உசேன் அலட்டாஸ் என்னும் அறிஞர் 1977-ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இலங்கையில் சிங்களக் குடியானவருக்கும் இதே பட்டம் கிடைத்தது. அந்த இடங்களுக்கெல்லாம் கப்பலேற்றப்பட்ட தமிழனுக்கோ "நல்ல உழைப்பாளி, சொன்ன பேச்சைக் கேட்பவன்" என்ற பட்டம். அதைப் புகழ்ச்சி என்று எண்ணக் கூடாது. குறைந்த கூலிக்கு வேறு போக்கில்லாமல் வந்தவன் என்பதைத்தான் அந்த வார்த்தைகள் மறைத்துக் கூறின.

தேவாலாவில் தங்க வேட்டை

அந்நிய நிபுணர் சொன்னால் தப்பாது என்ற நம்பிக்கையும் இந்த முத்திரைகளில் ஒன்றுதான். அதன் பலனை நாடுகாணிக்கு அடுத்த தேவாலா, பந்தலூர் மலைகளே கண்டிருக்கின்றன.

1879-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரௌ ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் இந்தப் பகுதிக்கு வந்தார். பாறைகளைச் சோதித்துப் பார்த்து, இங்கே தங்கம் எடுப்பது லாபகரமான தொழிலாகும் என்று 1880-ல் அறிக்கை அளித்தார். உடனே லண்டன் மாநகரில் கம்பெனிகள் முளைத்தன. பங்குகள் பறந்தன. காப்பித் தோட்டங்கள் நினைத்துப் பார்க்க முடியாத விலைக்குக் கை மாறின. கனமான இயந்திரங்கள் மலையேறி வந்தன. ஆனால் ஒரு டன் பாறையில் எதிர்பார்த்த தங்கத்தில் ஒரு சிறு பகுதிதான் கிடைத்தது. சில வருஷங்களுக்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பங்கு வாங்கியவர்கள் பணத்தை இழந்தார்கள்.

இதிலிருந்து வெள்ளைக்காரருக்கு என்ஜினீயரிங் தெரியாது என்று முடிவு கட்டினால் அதுவும் அபத்தமே. அதே பத்தாண்டில் மைசூர் சமஸ்தானத்துக் கோலாரில் ஜான் டெய்லர் கம்பெனியின் என்ஜினீயர்கள் தங்கத்தை வெட்டி எடுத்துக் காட்டினார்கள். நாடு ஒன்றே, தொழில் ஒன்றே. மண்ணுக்கு அடியில் இருந்ததும், அவசரப்படாமல் நடத்திய முறையும்தான் வேறு.

அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன்

நாட்டு முத்திரை எவ்வளவு பொல்லாதது என்பதை அறிய நாடுகாணியின் தேயிலைத் தோட்டங்களைவிடச் சிறந்த பாடசாலை இல்லை.

திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி 19-ம் நூற்றாண்டில் இலங்கைக்குப் போனவர்களின் சந்ததியார் அங்கே முதலில் காப்பியும் பின்னர் தேயிலையும் வளர்த்தார்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் அதனால் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30-ந் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்ட அந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜா உரிமை தருவது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.

இவ்வாறு வந்தவர்களுக்கு "தாயகம் திரும்பியோர்" என்று பெயர். திரும்புவதாவது! அவர்களில் எத்தனையோ பேர் இலங்கையில் பிறந்தவர்கள். இந்திய மண்ணை அதற்கு முன் மிதித்தறியாதவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு மலையேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாடு சர்க்கார் 1968-ல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் துவக்கியது. அது 1976-ல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது "டான்டீ" ஆயிற்று. நாடுகாணி, சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி முதலிய இடங்களில் காட்டைத் திருத்திச் செடி வைத்தவர்கள் இவர்கள்தான்.

அங்கே அவர்களை "இந்தியாக்காரன்" என்றார்கள். "கள்ளத்தோணி" என்றும் ஏசினார்கள். இங்கே வந்ததும் "சிலோன்காரன்" என்ற பெயர் காத்திருந்தது. கை அதே கை. கொழுந்து பறிக்கும் லாவகமும் அதே லாவகம். பேச்சும் சாமியும் சோறும் மாறவில்லை. கடலில் சில மணி நேரப் பயணம் ஒரு மனிதரை இந்தியனிலிருந்து சிலோன்காரனாக மாற்ற முடியுமானால், அந்தப் பெயருக்கு மனிதரின் குணத்தோடு என்ன சம்பந்தம்?

என்ஜினீயருக்கும் இவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. போவதா, இருப்பதா, திரும்புவதா என்று யோசிக்கும் உரிமை என்ஜினீயருக்கு இருக்கிறது. இவர்களுக்கோ எங்கோ ஒரு தலைநகரில் கையெழுத்தான காகிதம் முடிவு சொல்லிற்று. யோசிக்கும் உரிமையைப் பெற்றவர், அதை வெறும் பட்டப் பெயர்களை நம்பிச் செலவழிப்பது அந்த உரிமைக்கு அழகல்ல.

முத்தோரை மலைச்சரிவில்

நாடுகாணியிலிருந்து கிழக்கே மலையேறி உதகமண்டலத்துக்குப் போனால், அருகே முத்தோரை மலைச்சரிவில் ஒரு விசித்திரக் காட்சியைக் காணலாம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் உள்ள பிரம்மாண்டமான தொட்டி போன்ற அமைப்பு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. இது ஊட்டி ரேடியோ டெலிஸ்கோப். விண்மீன் கூட்டங்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளை வாங்கும் கருவி.

இதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப், வெளிநாடா தாய்நாடா என்ற கேள்வியை இருமுறை சந்தித்தவர். வத்திராயிருப்பில் பிறந்த விஞ்ஞான மேதை கே. எஸ். கிருஷ்ணன் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராக இருந்தபோது, அங்கே பணி புரிந்த இளைஞர் ஸ்வரூப். கொழும்புத் திட்ட உதவியில் 1953-ல் ஆஸ்திரேலியா சென்று பயின்று, 1955-ல் திரும்பினார். சிட்னியில் உபயோகித்து முடித்த, 6 அடி விட்டமுள்ள 32 ஆண்டெனாக்களை இந்தியாவுக்கு இனாமாகக் கொடுக்க ஆஸ்திரேலியர் சம்மதித்தார்கள். ஆனால் அவற்றைக் கொண்டுவரும் கப்பல் கூலியை யார் கொடுப்பது என்ற விவகாரத்தில் மாதங்கள் ஓடின. 1956-ல் அவர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டார். அறிஞர் ஒருவரை நாடு இழந்தது கப்பல் கூலித் தகராறில் என்றால் தப்பாகாது.

ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று அங்கேயே பணியும் பெற்ற பின், 1961 செப்டம்பரில் ஸ்வரூப் மற்றும் மூவருடன் சேர்ந்து இந்திய விஞ்ஞான நிறுவனங்களின் தலைவர்களுக்கு ஒரு யோசனை எழுதினார். டி. கே. மேனன், எம். ஆர். குண்டு, டி. கிருஷ்ணன் என்பவர்களே அந்த மூவர். நால்வரும் வெளிநாடுகளில் இருந்தவர்கள். இந்தியாவில் ரேடியோ வான ஆராய்ச்சிக் குழு ஒன்று அமைந்தால் திரும்பி வரத் தயார் என்பது கடிதத்தின் சாரம். டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் ஹோமி பாபா, 1962 ஜனவரியில் சம்மதம் தெரிவித்துத் தந்தி கொடுத்தார். 1963-ல் ஸ்வரூப் நாடு திரும்பினார்.

பின்னர் நடந்தது நினைவில் வைக்கத்தக்கது. பூமத்திய ரேகைக்கு அருகில், உதகையின் அட்சரேகைக்குச் சமமாகச் சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவு தேடிப் பிடிக்கப்பட்டது. அந்தச் சரிவில் கருவியை வைத்தால் அதன் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடும். ஆகவே ஒரே அச்சில் திருப்பினால் போதும். ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் தொடரலாம். ஐரோப்பாவில் இதைச் செய்ய வேண்டுமானால் 50 டிகிரி சரிவில் கட்ட வேண்டும். அது நடக்கிற காரியமல்ல. பணக்கார நாடுகளுக்குக் கிட்டாத வசதியை நீலகிரி மலை இனாமாகக் கொடுத்தது! 24 இரும்புச் சட்டங்கள் மீது 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டன. இந்தியக் கம்பெனிகளும், அணுசக்திப் பயிற்சிப் பள்ளியில் தேறிய இளைஞர்களும் வேலையை நடத்தினர். 1966-ல் பாபா விமான விபத்தில் மாண்டபோதும் பணி நிற்கவில்லை. 1970 பிப்ரவரியில் டெலிஸ்கோப் இயங்கத் தொடங்கிற்று. 1956-ல் கப்பல் கூலிக்குத் தவித்த அதே நாடுதான் இது. இடையில் இந்தியர் குணம் மாறிவிடவில்லை. காரியத்தை நம்பி ஒப்படைத்து, காலத்தில் பதில் போட ஓர் அதிகாரி இருந்தார், அவ்வளவே.

நால்வரில் ஒருவர்

இதைச் சொல்லி, வெளிநாட்டில் உள்ள எல்லாரும் திரும்ப வேண்டும் என்று உபதேசிப்பவர்கள் கதையின் மறுபாதியை மறந்துவிடுகிறார்கள். கையெழுத்திட்ட நால்வரில் கிருஷ்ணன் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார். குண்டுவும் மேனனும் வந்து, சில வருஷங்கள் பணி செய்து, மீண்டும் வெளிநாடு சென்றனர். நிலைத்தவர் ஸ்வரூப் ஒருவர்தான். பின்னர் புனே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்கள் கொண்ட பெரிய டெலிஸ்கோப்பையும் அவர் அமைத்தார், 2020-ல் காலமானார். மற்ற மூவரும் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று யாராவது சொல்வார்களா?

உதகையிலேயே மற்றோர் உதாரணமும் இருக்கிறது. 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, "இந்து" என்ற பெயரில் பிலிம் தயாரித்து நாடெங்கும் அனுப்பியது. திறமையான என்ஜினீயர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஆனால் கடன் சுமை ஏறியது. பின்னர் பிலிமே வேண்டாத காமிராக்கள் உலகை ஆண்டன. தொழிற்சாலை மூடப்பட்டது. ஒரே மலை, ஒரே நாட்டு மனிதர்கள். ஒன்று இயங்குகிறது, மற்றொன்று நின்றுபோயிற்று. தேச குணம் என்ற வாதம் இந்த இரண்டில் எதை விளக்கும்?

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே வெளிநாட்டு வேலையைப் பற்றி யோசிக்கும் இளைஞர், "அமெரிக்கர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்பதில் பிரயோஜனம் குறைவு. அங்குள்ள ஏற்பாடு என்ன என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

அமெரிக்காவின் எச்-1பி விசா 1990-ம் வருஷச் சட்டத்தில் பிறந்தது. சாதாரணமாக ஆறு வருஷம் வரைதான் செல்லும். நிரந்தரமாக வசிக்க உரிமை தரும் கிரீன் கார்டில், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் வருஷத்தில் 7 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது என்பது விதி. சின்னஞ்சிறு நாட்டுக்கும் இந்தியாவுக்கும் இதே வரம்பு. எனவே இந்திய என்ஜினீயர்கள் காத்திருக்கும் வரிசை பல வருஷ நீளம் கொண்டது. 2025 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி, வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைக்கப்படுவோருக்கான எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தார். திறமையை மதிப்பவன் அமெரிக்கன் என்ற பேச்சு உண்மையாகவே இருக்கட்டும்; ஓர் உத்தரவில் வாழ்க்கைக் கணக்கு தலைகீழாகும் ஏற்பாடும் அங்கேயே இருக்கிறது. வளைகுடா நாடுகளிலோ எத்தனை வருஷம் உழைத்தாலும் பிரஜா உரிமை கிடைப்பது அபூர்வம். வேலை போனால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

திரும்ப நினைப்பவரும் இதே முறையில் கேட்க வேண்டும். இங்கே கிடைக்கும் வேலையில் சுயமாக முடிவு செய்யும் அதிகாரம் உண்டா? கருவிக்கு எழுதினால் எத்தனை மாதத்தில் பதில் வரும்? பெற்றோருக்கு இப்போது துணை யார்? பிள்ளைகளுக்கு எந்த வயது? தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா? இவற்றுக்கு விடை ஆளுக்கு ஆள் வேறுபடும். "எல்லாரும் போகிறார்கள்" என்பதும், "தாய்நாடு அழைக்கிறது" என்பதும் இவற்றுக்கு விடையாக மாட்டா.

பதில் கடிதம்

சர்க்காருக்கும் நிறுவனங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தமிழ்நாட்டில் 2010 முதல் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. 2021-ல் என்ஜினீயரிங் முதலிய தொழிற் படிப்புகளில் சர்க்கார் பள்ளி மாணவருக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு சட்டமாயிற்று. லைன் வீட்டுப் பிள்ளை கல்லூரியை எட்ட இவை ஏணிகள். ஏணி ஏறியவர் நிற்க மேலே தளம் வேண்டாமா? மலையில் அவர்களுக்கேற்ற வேலை அரிது. டான்டீ தோட்டங்களிலேயே 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022-ல் உத்தரவாயிற்று. பெற்றோரின் வேலையும் அதோடு ஒட்டிய வீடுமே நிச்சயமில்லை என்று அஞ்சும் குடும்பத்தில், மகன் கோயமுத்தூரையும் பெங்களூரையும் தாண்டித் துபாயைப் பார்ப்பதில் வியப்பென்ன? அதை நன்றி கெட்ட குணம் என்பது அறியாமை.

1961-ல் நால்வர் எழுதிய கடிதத்துக்கு நாலே மாதத்தில் பதில் வந்தது. நால்வரும் நிலைக்கவில்லை, ஒருவர்தான் நிலைத்தார். அந்த ஒருவரால் முத்தோரையில் 530 மீட்டர் டெலிஸ்கோப் எழுந்தது. இன்றும் வெளிநாட்டிலிருந்து இப்படிக் கடிதம் எழுதுவோர் இருப்பார்கள். அவர்களுடைய தேசப்பற்றை அளந்து பார்ப்பதைவிட, கடிதத்துக்குக் காலத்தில் பதில் போடுவது மேல்.